முயலுக்கு உப்பு ஜாஸ்தி

தமிழ்வேந்தன்: மாமா, இது எலியா?

ராஜ்கமல்: முயல்டா.

தமிழ்வேந்தன்: காது எங்க?

ராஜ்கமல்: இருந்துச்சு... வேகும்போது உள்ள போயிடுச்சு.

தமிழ்வேந்தன்: வெந்தா வெளிய வரும்னுல்ல நெனச்சேன். அப்போ இது?

ராஜ்கமல்: யானை.

தமிழ்வேந்தன்: பெருமுக்கல் மலைன்னு நெனச்சு கையெடுத்துக் கும்பிட்டேன். தும்பிக்கை?

ராஜ்கமல்: அது பக்கத்துல இருந்த முயலு மேல ஒட்டிக்கிச்சு.

தமிழ்வேந்தன்: ஓ... அதான் முயலுக்கு பின்னாடி அவ்ளோ நீளமா...

ராஜ்கமல்: டேய், வாயைக் கழுவு. குழந்தைங்களுக்கு செய்யறது.

தமிழ்வேந்தன்: குழந்தைங்க பயந்துக்குமே மாமா. நாங்கல்லாம் நாய்க்கு பயந்து வளந்தோம், உன் புள்ளைங்க பன்னுக்கு பயந்து வளரப்போவுது.

ராஜ்கமல்: இரு. அடுத்த ஈடு நல்லா வரும். மாவு இப்பதான் பிசையறேன்.

தமிழ்வேந்தன்: நானும் வந்ததுலேருந்து பாக்கறேன், இப்பதான் இப்பதான்ற. பன்னை டப்பாவுல போட்டுக் குடு, பிரம்மதேசத்துக்கு நான் பஸ் புடிக்க வேணாமா? பொங்கல் முடிஞ்சு கரிநாளும் அதுவுமா பஸ்ஸே இருக்காது.

ராஜ்கமல்: இந்த இட்லி குண்டான்ல தண்ணி ஊத்து. பேசிகினே இருக்கற.

தமிழ்வேந்தன்: எது, இந்த போர் தண்ணியா?

ராஜ்கமல்: ஆவிக்குதானடா. ஊத்து.

தமிழ்வேந்தன்: மாவும் இதுலதான் பிசைஞ்சியா?

ராஜ்கமல்: ...ஆமா.

தமிழ்வேந்தன்: கடலை வாயில ஊத்தின மாதிரி இருக்குது இந்த ஊர்த் தண்ணி. கேன் தண்ணி அங்க நிக்குதே, கண்ணு தெரியலையா?

ராஜ்கமல்: மறந்துட்டேன்.

தமிழ்வேந்தன்: இந்த முயலை ஒரு வாய் பிச்சுக்கறேன்... தூ! மாமா! இது பன்னா, ஊறுகாயா?

ராஜ்கமல்: உப்பு கொஞ்சம் ஏறிடுச்சு.

தமிழ்வேந்தன்: கொஞ்சமா? நாக்கு மரத்துப் போச்சு! கல்லு மாதிரி வேற இருக்குது. உப்பு இப்படிப் போட்டா ஈஸ்ட்டு எப்படி மாமா உப்பும்? அது மூச்சு முட்டி செத்திருக்கும்.

ராஜ்கமல்: அதான் இந்த ஈட்டுக்கு ஈஸ்ட்டு பாக்கெட்டையே கொட்டிட்டேன்.

தமிழ்வேந்தன்: பொறந்ததுலேருந்து உப்பளத்துல நிக்கற. உனக்கா உப்பு அளவு தெரியாது?

ராஜ்கமல்: பாத்தியில வாரத் தெரியும்டா. ஸ்பூன்ல அள்ளத் தெரியாது.

தமிழ்வேந்தன்: ஸ்பூனே இங்க இல்லையே. கல்லுப்பு டிரம்முதான் அடுப்புகிட்ட நிக்குது.

ராஜ்கமல்: கையால போட்டேன்.

தமிழ்வேந்தன்: நல்லா போட்ட. மொத ஈடெல்லாம் எங்க?

ராஜ்கமல்: பக்கத்து வீட்டு அம்சவல்லியோட ஆடு தின்னுடுச்சு. அதுக்கு உப்பு புடிக்கும்.

தமிழ்வேந்தன்: பாவம், அது இன்னைக்கு உப்பளத்துத் தண்ணி பூரா குடிச்சாலும் தாகம் அடங்காது.

ராஜ்கமல்: மாவை மிதிக்கணும்டா நல்லா. பாத்தி மிதிக்கற மாதிரி. அப்பதான் கெட்டியாவும்.

தமிழ்வேந்தன்: கால வச்சிடாத மாமா, சாமி புண்ணியமா போவுது. உப்பளத்துல வேலை எப்போ ஆரம்பிக்கறாங்க?

ராஜ்கமல்: மழைத்தண்ணி எறைச்சாச்சு. அடுத்த வாரம் பாத்தி மிதிக்கக் கூப்புடுவாங்க. அதுவரைக்கும் முயல்தான்.

தமிழ்வேந்தன்: சரி... நான் பாத்ரூம் போயிட்டு வரேன்.

ராஜ்கமல்: இப்பதானடா போன?

தமிழ்வேந்தன்: சர்க்கரை இருக்குமோ என்னவோ.

ராஜ்கமல்: போ, போ. தண்ணி டேங்க் மூடியைத் தொறந்து பாத்துட்டியா?

தமிழ்வேந்தன்: ...எதுக்கு?

ராஜ்கமல்: பரண்ல பழைய பாய்க்கு அடியில? சாமி படத்துக்குப் பின்னாடி?

தமிழ்வேந்தன்: மாமா, நான் ஏன் அதெல்லாம்...

ராஜ்கமல்: கல்லுப்பு டிரம்முக்குள்ள?

தமிழ்வேந்தன்: உப்பு டிரம்மா? அது எனக்குத் தெரியாதே!

ராஜ்கமல்: இப்போ தெரிஞ்சிடுச்சுல்ல. போய் கைய விடு. முழங்கை வரைக்கும் விடு, பாட்டில் கெடைக்குதான்னு பாரு.

தமிழ்வேந்தன்: கோச்சுக்காத மாமா. நான் பன்னு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். பாப்பா கேட்டுச்சுல்ல, நான்தான உனக்கு வீடியோ அனுப்பினேன்? "செந்தமிழுக்கு கரிநாளன்னிக்கு இந்த முயல் பன்னு வேணுமாம், அப்பாவை செஞ்சு குடுத்து அனுப்பச் சொல்லுது"ன்னு.

ராஜ்கமல்: அந்த மெசேஜை நான் எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? சில்ட்ரன்ஸ் டே-க்கு அப்புறம் அவ என்னைக் கேட்ட மொத விஷயம்டா இது. போன்ல கூட வரமாட்டேனுட்டா.

தமிழ்வேந்தன்: எப்படி வரும்? மாறுவேடப் போட்டியில அது அழகா முயல் வேஷம் போட்டுகினு நிக்குது. நீ ஃபுல்லா ஏத்திகினு மேடையில ஏறுன. காதைப் புடிச்சுத் தூக்கி "எங்க வீட்டு சிங்கம்டா!"ன்னு மைக்குல கத்துன.

ராஜ்கமல்: காது பிஞ்சு என் கையில வந்துடுச்சு.

தமிழ்வேந்தன்: அட்டைக் காது. அக்கா ராத்திரி முழுக்க உக்காந்து ஒட்டினது.

ராஜ்கமல்: மொத்த ஸ்கூலும் சிரிச்சுதுடா. இவ மட்டும் அழுதா. அன்னைக்கு சாயந்திரமே ரேணு ரெண்டையும் கூட்டிகினு உங்க வீட்டுக்கு வந்துட்டா.

தமிழ்வேந்தன்: பஸ் பூரா அந்த ஒத்தைக் காதோட வந்துச்சு பாப்பா. கண்டக்டர் கூட சிரிக்கல.

ராஜ்கமல்: ...அந்த பீட்ரூட் தண்ணியை எடு. காதுக்குள்ள ரோஸ் கலர் வைக்கணும்.

தமிழ்வேந்தன்: எடுக்கறேன். கொஞ்சம் தள்ளு.

ராஜ்கமல்: எதுக்குடா மூஞ்சிகிட்ட வர்ற? முத்தம் குடுக்கப் போறியா?

தமிழ்வேந்தன்: மாவு ஒட்டியிருக்குது மாமா, தொடைக்கறேன்.

ராஜ்கமல்: மூக்கால தொடைக்கறியா?

தமிழ்வேந்தன்: இல்ல... என்னமோ ஒரு வாடை வருது.

ராஜ்கமல்: ஈஸ்ட்டு.

தமிழ்வேந்தன்: ஈஸ்ட்டா? எங்க ஊர்ல பனைமரத்துக்கு அடியில நின்னா இதே வாடைதான். அதுக்கு வேற பேரு சொல்லுவாங்க.

ராஜ்கமல்: புளிச்ச மாவு வாடைடா! பாக்கெட்டு பூரா கொட்டினேன்னு சொன்னேன்ல!

தமிழ்வேந்தன்: வீடு பூரா அடிக்குது மாமா. ஜன்னல் ஸ்கிரீன்ல அடிக்குது. என் சட்டையில அடிக்குது. நான் வீட்டுக்குப் போனா எங்க அம்மா என்னையே வெளிய படுக்க வைக்கும்.

ராஜ்கமல்: போன் அடிக்குது. யாருன்னு பாரு.

தமிழ்வேந்தன்: உன் கூட்டாளி காசிலிங்கம். மறுபடியும்.

ராஜ்கமல்: என் காதுல வை. கை பூரா மாவு... டேய் காசி... இல்லடா... வரல... கறி வறுத்தாச்சா? தட்சணாமூர்த்தி வறுத்தா அதுல மண்ணுதான் ஜாஸ்தியா இருக்கும்... இல்லடா... கை மாவுடா... மாவு. மைதா மாவு... பன்னு... முயல் பன்னு... சிரி, நல்லா சிரி... பொம்பள வேலையா? நீ கட்டியிருக்கற லுங்கியைத் துவைச்சது யாரு, உங்க தாத்தாவா?... வைடா.

தமிழ்வேந்தன்: சவுக்குத் தோப்புலயா இருக்காங்க?

ராஜ்கமல்: ம். நேத்து சரக்குக் கடை லீவு. இன்னைக்கு சேத்துப் புடிக்கறானுங்க.

தமிழ்வேந்தன்: கடை தொறந்ததுமே ஆரம்பிச்சிருப்பாங்களே. எத்தனை போன் மாமா இது, ஸ்கிரீன் பூரா காசிலிங்கம்...

ராஜ்கமல்: மாலையைக் கழட்டிட்டேன்ல. இனிமே என்ன தடைன்னு கேக்கறானுங்க.

தமிழ்வேந்தன்: அதையேதான் அக்காவும்...

ராஜ்கமல்: அக்காவும்?

தமிழ்வேந்தன்: ஒண்ணுமில்ல.

ராஜ்கமல்: சொல்லுடா.

தமிழ்வேந்தன்: அது... கார்த்திகையில நீ சபரிமலைக்கு மாலை போட்டதும் நான் சொன்னேன், "பாரு அக்கா, மாமா தொடறதே இல்ல"ன்னு. அதுக்கு அக்கா, "மாலை போட்டா ஊர்ல எவன்டா தொடுவான்? சாமிக்கு பயந்து நிறுத்தறது பெரிய விஷயமா? கழட்டட்டும், கரிநாள் வரட்டும், அப்போ பாக்கறேன்"னு சொல்லிச்சு.

ராஜ்கமல்: கரிநாள்... இன்னைக்குதான் கரிநாள்.

தமிழ்வேந்தன்: ம்.

ராஜ்கமல்: நீ பன்னு வாங்க வரல.

தமிழ்வேந்தன்: பன்னும் வாங்கணும்...

ராஜ்கமல்: டேய்.

தமிழ்வேந்தன்: அக்கா பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்குது மாமா. ரெண்டு புள்ளைங்களும் கூட. துணிப் பையும் எடுத்துகினு வந்திருக்குது. என்னைப் பாத்துட்டு வரச் சொல்லிச்சு. நீ நல்லா இருந்தா நான் போன் பண்ணணும், வீட்டுக்கு வரும். இல்லாட்டி அடுத்த பஸ்ல அப்படியே திரும்பிடும். அப்புறம் இந்த வாசலை மிதிக்கறதே இல்லன்னு சொல்லிடுச்சு.

ராஜ்கமல்: எம்மா நேரமா வெயில்ல உக்காந்திருக்காங்க?

தமிழ்வேந்தன்: நான் வந்ததுலேருந்து.

ராஜ்கமல்: அடப்பாவி! இவ்ளோ நேரம் காது எங்க, தும்பிக்கை எங்கன்னு கேட்டுகினு இருக்கற! போன் போடு!

தமிழ்வேந்தன்: என்னன்னு போடறது? உள்ள வந்தா வாசல்லயே வாடை தூக்குது. அக்கா நம்புமா?

ராஜ்கமல்: சாமான் ரூம்ல சாம்பிராணி இருக்குது, கொளுத்து.

தமிழ்வேந்தன்: வேணாம் மாமா, கெட்டுது! நீ குடிச்ச அன்னைக்கெல்லாம் சாம்பிராணிதான போடுவ? தெருமுனையில அந்தப் புகை வந்தாலே அக்கா திரும்பிடும்.

ராஜ்கமல்: ஊதுபத்தி?

தமிழ்வேந்தன்: அது பாண்டிச்சேரி சரக்கு அடிச்ச அன்னைக்கு.

ராஜ்கமல்: ஜன்னலைத் தொறடா. எல்லா ஜன்னலையும். ஃபேன் போடு.

தமிழ்வேந்தன்: போட்டாச்சு. இப்போ தெரு பூரா அடிக்குது... மாமா, இந்த ஹாட்பாக்ஸ்ல என்ன இருக்குது?

ராஜ்கமல்: அதைத் தொடாத.

தமிழ்வேந்தன்: ஏன்?

ராஜ்கமல்: தொடாதன்னா தொடாத. கீழ வை.

தமிழ்வேந்தன்: வெயிட்டா இருக்குது.

ராஜ்கமல்: தமிழு, கீழ வைடா. அவங்க வந்ததும் தரேன். பாப்பா கையில குடு, அவ தொறக்கட்டும்.

தமிழ்வேந்தன்: பாப்பாகிட்ட குடுக்கறதை எனக்குக் காட்ட மாட்டியா? உள்ள குவார்ட்டர் இல்லல்ல?

ராஜ்கமல்: உன் தலையில வச்சு அடிப்பேன்.

தமிழ்வேந்தன்: அப்போ தொறயேன்.

ராஜ்கமல்: மாட்டேன்.

தமிழ்வேந்தன்: மாமா, நான் போன்ல பொய் சொல்ல மாட்டேன். போன தடவை உனக்காக சொன்னேன். "மாமாவுக்கு காய்ச்சல், அதான் தள்ளாடுது"ன்னு. அக்கா கஷாயம் வச்சுகினு வந்து உன் மேல தடுக்கி விழுந்துச்சு. இந்த தடவை பாத்ததைத்தான் சொல்லுவேன்.

ராஜ்கமல்: சொல்லு. பாத்ததை சொல்லு.

தமிழ்வேந்தன்: அலோ... அக்கா... ம், வீட்லதான் இருக்குது... நிக்குது, நேரா நிக்குது... கண்ணு வெள்ளையாதான் இருக்குது... வாடையா? வாடை அடிக்குதுக்கா. ஆனா மாமா மேல இல்ல... மாவு மேல... இல்லக்கா, மாவுதான் குடிச்சிருக்குது. மாமா சும்மாதான் இருக்குது... நான் ஏன் உளர்றேன்? நான் குடிக்கலக்கா!... அப்புறம்... ஒரு ஹாட்பாக்ஸ் இருக்குது. அதை மட்டும் தொறக்க விட மாட்டேங்குது... அக்கா? அலோ?

ராஜ்கமல்: என்ன சொன்னா?

தமிழ்வேந்தன்: கட் பண்ணிடுச்சு.

ராஜ்கமல்: வர்றாளா, போறாளா?

தமிழ்வேந்தன்: தெரியல.

ராஜ்கமல்: ஹாட்பாக்ஸை ஏன்டா சொன்ன?

தமிழ்வேந்தன்: பாத்ததை சொல்லுன்ன... மாமா, திரும்ப மாவுகிட்டயா போற? ஓடிப் போய் கூட்டிகினு வரலாம்ல, கையைக் கழுவு.

ராஜ்கமல்: கழுவ மாட்டேன். இங்கயே இருக்கேன். இந்த மாவை உருட்டு, இந்தா.

தமிழ்வேந்தன்: இப்பவா? பொண்டாட்டி போவுது, நீ யானை உருட்டிகினு இருக்கற!

ராஜ்கமல்: உருட்டுடா... கண்ணுக்கு மிளகு வை... மூக்குக்கு கிராம்பு... அழுத்தாத.

தமிழ்வேந்தன்: கண்ணு கோணலா போச்சு மாமா.

ராஜ்கமல்: தெரியும்.

தமிழ்வேந்தன்: ...பஸ் ஹாரன் கேக்குது.

ராஜ்கமல்: கேக்குது.

தமிழ்வேந்தன்: நிக்காம போவுதா, நின்னு போவுதா?

ராஜ்கமல்: பேசாம இரு.

ரேணுகா: தள்ளுடா தமிழு, வாசலை அடைச்சுகினு நிக்கற. என்ன இது, வீடா சாராயக் கடையா?

தமிழ்வேந்தன்: அக்கா! வந்துட்டியா!

ரேணுகா: நீ போன்ல பேசினதைக் கேட்டா ரெண்டு பேரும் சேந்து ஊத்திகிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் நேர்ல பாத்துட்டு திட்டிட்டுப் போலாம்னு வந்தேன். யோவ், இங்க வா.

ராஜ்கமல்: வா ரேணு. புள்ளைங்க எங்க?

ரேணுகா: சின்னவன் தூங்கிட்டான், பக்கத்து வீட்ல படுக்க வச்சிருக்கேன். பெரியவ வாசல்ல ஆட்டுகிட்ட நிக்குது. உள்ள வரமாட்டேனுது. ஊது.

ராஜ்கமல்: தமிழு முன்னாடியா?

ரேணுகா: மேடையில ஊர் முன்னாடியே எல்லாம் பண்ணின. இவன் முன்னாடி ஊத வெக்கமா? ஊது.

ராஜ்கமல்: ஹூ.

ரேணுகா: இன்னொரு தடவை. வயித்துலேருந்து.

ராஜ்கமல்: ஹூ...

ரேணுகா: காலையில பல்லு வெளக்கினியா?

தமிழ்வேந்தன்: அக்கா, பாஸா ஃபெயிலா?

ரேணுகா: நீ வாயை மூடு. அந்த ஹாட்பாக்ஸைத் தொற.

ராஜ்கமல்: பாப்பா தொறக்கட்டுமே...

ரேணுகா: குழந்தை தொறந்து உள்ள பாட்டில் இருந்துச்சுன்னா? இன்னொரு தடவை அதை அழ விட மாட்டேன். நானே தொறக்கறேன்.

ராஜ்கமல்: ...தொற.

தமிழ்வேந்தன்: அக்கா, என்ன இருக்குது? அக்கா? கொஞ்சம் தள்ளு, நானும் பாக்கறேன்.

ரேணுகா: முயல்.

தமிழ்வேந்தன்: எலியா இருக்கும், நல்லா பாரு.

ரேணுகா: முயல்டா. காது ரெண்டும் நிக்குது. உள்ள ரோஸ் கலர்... யானைக்கு தும்பிக்கை கூட இருக்குது. பஞ்சு மாதிரி... வெதுவெதுன்னு இருக்குது. யோவ், இதை எந்தக் கடையில வாங்கின?

ராஜ்கமல்: நான்தான் செஞ்சேன்.

தமிழ்வேந்தன்: பொய்! இவரு செஞ்சதை நான் தின்னேன், ஒரே உப்பு. என் நாக்கு இன்னும் திரும்பி வரல.

ரேணுகா: ஒரு வாய் பாத்துட்டேன். உப்பு சரியா இருக்குது. தமிழு, இந்த முயலை பாப்பாகிட்ட குடு. யார் செஞ்சதுன்னு சொல்லாத. கேட்டா மட்டும் சொல்லு.

ராஜ்கமல்: அவ ஆசைப்பட்டு கேட்டாளேன்னுதான் ரேணு... காது மட்டும் சரியா நிக்கணும்னு...

ரேணுகா: அவ கேக்கல.

ராஜ்கமல்: என்ன?

ரேணுகா: பாப்பா எதுவும் கேக்கல. உன் பேரே எடுக்கல. அந்த வீடியோவை தேடி தமிழு போன்லேருந்து அனுப்ப வச்சது நான். கரிநாளன்னிக்கு உன் கை சும்மா இருந்தா எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? மாவு பிசைஞ்சா ஒட்டும், ஒட்டினா கிளாஸ் புடிக்க முடியாதுன்னு நெனச்சேன்.

ராஜ்கமல்: ...அவ கேக்கலையா.

ரேணுகா: மூஞ்சியை அப்படி வைக்காத. உன்னை ஏமாத்தணும்னு இல்ல... எனக்கு வேற வழி தெரியல. எங்க அம்மா வீட்ல இருந்து இருந்து எனக்கும் வெறுத்துப் போச்சு.

தமிழ்வேந்தன்: அக்கா! காதைத் தின்னுடுச்சு!

ரேணுகா: யாரு, ஆடா?

தமிழ்வேந்தன்: பாப்பா! மொதல்ல ரெண்டு காதையும் பிச்சுத் தின்னுடுச்சு. அப்புறம் கேட்டுச்சு, யாரு செஞ்சதுன்னு. சொன்னேன்.

ராஜ்கமல்: என்ன சொன்னா?

தமிழ்வேந்தன்: இன்னொரு முயல் இருக்குதான்னு கேக்குது. வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு.

ராஜ்கமல்: எடுத்துகினு போடா. எல்லாத்தையும் குடு. இல்ல, ஒண்ணொண்ணா குடு... உள்ள வரட்டும்.

ரேணுகா: யோவ், இரு. இது எப்போ செஞ்சது?

ராஜ்கமல்: காலையில. மொத ஈடு.

ரேணுகா: மொத ஈடே இவ்ளோ நல்லா வந்துச்சா? அப்புறம் எதுக்கு இந்த எலியும் கல்லும்? தட்டு தட்டா கெடக்குது. குழம்பை எட்ட நின்னு மோந்து பாத்தே உப்பு கம்மின்னு சொல்ற ஆளு நீ. இதுல கைப்பிடி கைப்பிடியா கல்லுப்பைக் கொட்டி வச்சிருக்க. காலையிலயே முடிஞ்சதை வச்சுகினு பொழுது பூரா என்னய்யா பண்ணிகினு இருந்த?

ராஜ்கமல்: கெட்டுப் போகணும்னுதான் உப்பை அள்ளிப் போட்டேன் ரேணு. கெட்டாதான மறுபடியும் பிசைய முடியும்? தமிழுக்கு அந்த டப்பாவைக் காட்டியிருந்தா அவன் வாங்கிகினு கெளம்பியிருப்பான்... நான் கையைக் கழுவியிருப்பேன். கழுவியிருந்தா காசிலிங்கம் கூப்பிட்ட மொத போன்லயே தோப்புக்குப் போயிருப்பேன்.